மதுரவாயலில் வாழ்ந்த ஜானகி அம்மாள்

நம் குடியிருப்பில் மதுரவாயல் பைபாஸில் போய் வராத வீடு அநேகமாக இருக்காது. பெருங்களத்தூரில் ஏறினால் அம்பத்தூர் வேலைக்கும் கோயம்பேடு மார்க்கெட்டுக்கும் அதுதான் வழி. அந்த மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் மையத்தின் வயல் ஆய்வுக்கூடத்தில், மஞ்சள் புடவை கட்டிய ஒரு மூதாட்டி மூலிகைச் செடிகளையும் ஒரு பெரிய பூனைக் குடும்பத்தையும் வளர்த்துக்கொண்டு பல வருடம் வாழ்ந்தார். இங்கிலாந்தில் ஒரு மக்னோலியா மர வகைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். எடவலத்து கக்காட்டு ஜானகி அம்மாள் என்பது முழுப் பெயர். செல்லியல் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். பைபாஸில் போகிற நமக்குத்தான் அவ்வளவாகத் தெரியாது.

இந்தக் காலாண்டு இதழில் அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. பள்ளியில் பல வருடம் தாவரவியல் எடுத்து ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமை மாலைகளில் நம் கிளப் ஹவுஸில் பிள்ளைகளோடு உட்காருகிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செல் பாடம் என்றால் ஒரே வேலைதான். பெரிதாக ஒரு முட்டை வரைவது, நடுவில் ஒரு வட்டம் போடுவது, ஓரத்தில் நாலு அவரை விதை வரைவது, பிறகு ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துப் பாகங்களைக் குறிப்பது. மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் மையம், ரைபோசோம் புரதத் தொழிற்சாலை, லைசோசோம் தற்கொலைப் பை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறார்கள். உட்கருவின் வேலை என்ன என்றால், செல்லைக் கட்டுப்படுத்துவது என்று பதில் வரும். எப்படிக் கட்டுப்படுத்துகிறது, அது நமக்கு எப்படித் தெரியவந்தது என்று அடுத்த கேள்வி கேட்டால் மௌனம்தான். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. படத்தில் இருக்கும் வட்டத்துக்குள் யாரும் அவர்களை எட்டிப் பார்க்க விட்டதில்லை. ஜானகி அம்மாள் அந்த வட்டத்துக்குள் இருப்பதை எண்ணுவதற்காகவே வாழ்ந்தவர்.

அவர் பிறந்தது 1897 நவம்பர் 4 அன்று, தலச்சேரியில். அப்போது அது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். தந்தை திவான் பகதூர் ஈ.கே. கிருஷ்ணன், சப் ஜட்ஜ். வீட்டில் தோட்டம் போட்டு, வட மலபாரின் பறவைகளைப் பற்றிப் புத்தகமும் எழுதியவர். தந்தையின் இரண்டு திருமணங்களிலும் சேர்த்து அந்த வீட்டில் 19 பிள்ளைகள். தாய் தேவியின் தந்தை ஜான் சைல்ட் ஹன்னிங்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி. தந்தை வழியில் தீயர் சமூகம். வசதியும் படிப்பும் இருந்தாலும், அந்தக் காலத்துச் சாதிக் கணக்கு அவர்களைக் கீழேதான் நிறுத்தியிருந்தது. பின்னால் வேலை பார்த்த இடங்களிலும் இந்தக் கணக்கு அவரை விடவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்து சென்னைக்கு வந்தார். கடற்கரையில் இருக்கும் ராணி மேரி கல்லூரியில் படித்து, பிறகு மாநிலக் கல்லூரியில் 1921-ல் தாவரவியல் ஆனர்ஸ் முடித்தார். வீட்டில் சொந்தத்துக்குள்ளேயே ஒரு திருமண ஏற்பாடு பேச்சில் இருந்தது. அவர் படிப்பைத் தேர்ந்தெடுத்தார், கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை. நுங்கம்பாக்கம் மகளிர் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியை வேலை கிடைத்தது. அந்தக் கல்லூரியே 1915-ல்தான் தொடங்கியது. அந்த நாளில் ஒரு இளம்பெண், மற்ற இளம்பெண்களுக்கு மைக்ரோஸ்கோப்பைத் திருப்பிக் காட்டிச் செல் பாடம் எடுப்பது சாதாரண விஷயமில்லை.

அப்போதைய செல் பாடம் எப்படி இருந்திருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். ரைபோசோம் கிடையாது. லைசோசோம் கிடையாது. எண்டோபிளாச வலைப்பின்னல் கிடையாது. இவை மூன்றும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பும் புதிய ஆய்வு முறைகளும் வந்த பிறகு, 1940-களிலும் 50-களிலும்தான் மனிதனுக்குத் தெரியவந்தன. 1920-களின் மாணவி கண்ணாடித் தகட்டில் பார்க்க முடிந்தவை செல் சுவர், பசுங்கணிகம், நுண்குமிழி, உட்கரு, கொஞ்சம் முயன்றால் மைட்டோகாண்ட்ரியா. அதனால் பாடம் சுருக்கமாக இருந்தது, பார்வை நீளமாக இருந்தது. செல் பிரியும் நேரத்தில் உட்கருவைச் சரியாகப் பிடித்துச் சாயம் ஏற்றினால், உள்ளே நூல் துண்டுகள் போலக் குரோமோசோம்கள் தெரியும். ஒவ்வொரு வகை உயிருக்கும் அவற்றின் எண்ணிக்கை வேறு. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும் குணங்கள் இந்தத் துண்டுகளில்தான் போகின்றன என்பது அப்போது புதிதாக நிலைநாட்டப்பட்டுக்கொண்டிருந்த உண்மை. உலகமே எண்ணத் தொடங்கியிருந்த நேரத்தில் ஜானகி அம்மாளும் எண்ண உட்கார்ந்தார்.

ஆசியப் பெண்களுக்காக அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் பார்பர் உதவித்தொகை என்று ஒன்று வைத்திருந்தது. அதில் தேர்வாகி 1924-ல் கப்பல் ஏறினார். நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரிகள் அவரை நிறுத்தி வைத்தார்கள். பட்டுடையும் நீண்ட கூந்தலும் பார்த்து, இந்திய இளவரசியோ என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்ததாம். அவரும் இல்லை என்று மறுக்கவில்லை என்று ஒரு கதை உண்டு. 1925-ல் முதுகலை முடித்து மறுபடி நுங்கம்பாக்கம் வந்து பாடம் எடுத்தார். மீண்டும் மிச்சிகன் போய் 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். தாவரவியலில் அந்த உயரத்துக்குப் போன முதல் இந்தியப் பெண்களில் அவர் ஒருவர். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது நிகாண்ட்ரா என்ற, நம் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் குரோமோசோம்கள். அந்தக் கட்டுரை பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் வெளியானது. பத்திரிகையின் பெயருக்கே செல் என்றுதான் அர்த்தம்.

திரும்பி வந்ததும் திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் 1932 முதல் 1934 வரை தாவரவியல் பேராசிரியர். அங்கே கையில் எடுத்தது கத்தரி. கத்தரிச் செடியின் செல்லில் 24 குரோமோசோம்கள், அதாவது 12 ஜோடி. எல்லாம் ஒழுங்காக நடந்தால் தாய் 12, தந்தை 12 கொடுத்து மறுபடி 24 ஆகும். சில நேரம் கணக்கு தவறி மூன்று பங்கு சேர்ந்து 36 ஆகிவிடும். இதை மும்மடியம் என்கிறார்கள். இப்படிப்பட்ட கத்தரிகளை அவர் ஆராய்ந்தார்.

மும்மடியம் என்றவுடன் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அப்போது நான் வாழைப்பழத்தை உரித்துக் காட்டுவேன். நாம் சாப்பிடும் பூவனும் நேந்திரமும் மும்மடிய வாழைகள், 33 குரோமோசோம். மூன்று பங்கை இரண்டாகச் சரியாகப் பிரிக்க முடியாததால் விதை உருவாவது தடைப்படுகிறது. அதனால்தான் கன்றை வெட்டி நடுகிறோம். உட்கரு செல்லைக் கட்டுப்படுத்துகிறது என்ற வரிக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த ஐந்து வருடம் கோயம்புத்தூர். இங்கேதான் அவருடைய வேலை நம் வீட்டு காபி டம்ளர் வரைக்கும் வந்து சேர்கிறது. நம் நாட்டில் வட மாநிலங்களில் விளைந்த கரும்பு மெலிந்தது, சாறு குறைவு. தெற்கிலும் தீவுகளிலும் விளைந்த தடித்த, இனிப்பான கரும்பு வடக்கின் குளிரையும் நோயையும் தாங்காது. இதற்கு வழி தேடித்தான் 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். பார்பர் என்ற ஆங்கிலேயரும் டி.எஸ். வெங்கட்ராமனும் அங்கே செய்த காரியம் துணிச்சலானது. ஆற்றோரத்தில் தானாக முளைக்கும் நாணலை, இனிப்புக் கரும்போடு ஒட்டுச் சேர்த்தார்கள். நாணலும் கரும்பும் ஒரே பேரினம், அதாவது பங்காளிகள். அப்படிப் பிறந்த கோ 205 என்ற ரகம் 1918-ல் வயலுக்கு வந்தது. சர்க்கரை இல்லாத புல், சர்க்கரைக் கரும்பைக் காப்பாற்றியது.

அது ஏன் வேலை செய்தது, அடுத்து எதை எதோடு சேர்க்கலாம் என்பதற்கு உட்கருவுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். 1934-ல் ஜானகி அம்மாள் அந்த வேலைக்கு வந்தார். இனிப்புக் கரும்பில் 80 குரோமோசோம். நாணல் ஒரு விசித்திரம்: இடத்துக்கு இடம் 40-லிருந்து 128 வரை மாறும். நாடு முழுவதிலுமிருந்து வந்த நாணல்களை வேரில் வெட்டி, சாயம் ஏற்றி, எண்ணி, எது எங்கிருந்து பரவியது என்று வரைபடம் போடுவது பொறுமையின் எல்லை. நாணலின் பிறப்பிடம் இந்தியா என்ற முடிவுக்கு அவருடைய எண்ணிக்கைகள் உதவின. கரும்பைச் சோளத்தோடும் மற்ற புற்களோடும் சேர்த்துப் பார்த்தார். 1938-ல் கரும்பையும் மக்காச்சோளத்தையும் சேர்த்து உண்டாக்கிய கலப்புச் செடியைப் பற்றி நேச்சர் பத்திரிகையில் எழுதினார். மக்காச்சோளத்துக்கு 20 குரோமோசோம்தான். எண்பதும் இருபதும் ஒரு செல்லுக்குள் எப்படிக் குடித்தனம் நடத்தும் என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை.

வேர் நுனியில் எண்ணுவது எப்படி என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், நம் கிளப் ஹவுஸிலும் அதையே செய்கிறோம். ஒரு பெரிய வெங்காயத்தை, அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் படும்படி டம்ளர் மேல் வைத்தால் மூன்று நாலு நாளில் வெள்ளை வேர் இறங்கும். வேரின் நுனியில்தான் செல்கள் மும்முரமாகப் பிரிகின்றன. நுனியை நறுக்கி, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் போட்டால் செல்கள் அப்படியே உறைந்த நிலையில் நிற்கும். பிறகு நீர்த்த அமிலத்தில் லேசாகச் சூடாக்கி மிருதுவாக்கி (இதைப் பெரியவர்தான் செய்ய வேண்டும்), கார்மைன் என்ற சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடி வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். செல்கள் ஒரே அடுக்காகப் பரவிவிடும். அந்தக் கார்மைன் சாயம் சப்பாத்திக்கள்ளியில் வாழும் ஒரு சிறு பூச்சியிலிருந்து வருவது. அந்தப் பூச்சியை வளர்ப்பதற்கென்றே 1780-களில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் நம் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். அது துணிக்குச் சாயம் எடுப்பதற்காக. செல்லுக்கு அதே சாயம் பயன்படும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

வெங்காயத்துக்கு 16 குரோமோசோம். போன முறை நம் பிள்ளைகளில் ஒருத்தி 14 என்றாள், ஒருவன் 17 என்றான். சண்டை வந்தது. ஒன்றன்மேல் ஒன்று படுத்திருப்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும், அதற்கு இன்னொரு செல்லைத் தேட வேண்டும், அங்கேயும் எண்ண வேண்டும். மூன்றாவது செல்லில் 16 கிடைத்தபோது இருவரும் போட்ட சத்தத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்த பெரியவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர்களை உட்கரு என்ன செய்யும் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, அவர்களே என்னைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வெங்காயத்தில் பதினாறு. கரும்பில் எண்பது. இப்போது கோயம்புத்தூர் ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் வேலை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

1935-ல், சர் சி.வி. ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் கோயம்புத்தூரில் நாட்கள் சுகமாக இல்லை. திருமணமாகாத பெண், மேல்சாதி அல்லாதவர், உடன் வேலை செய்தவர்களோ எல்லாரும் ஆண்கள். படிப்பு அதிகம் என்பதும் ஒரு குறையாகத்தான் போயிற்று. 1939-ல் எடின்பரோவில் உலக மரபியல் மாநாட்டுக்குப் போனவர், போர் மூண்டதும் அங்கேயே தங்கிவிட்டார். போர் காரணமா, கோயம்புத்தூர் காரணமா என்று கேட்டால் இரண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

லண்டனை ஒட்டிய மெர்ட்டன் என்ற இடத்தில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் சி.டி. டார்லிங்டனோடு வேலை. டார்லிங்டன் அன்றைய செல்லியலின் பெரிய தலை. ஜெர்மன் விமானங்கள் இரவில் குண்டு போடும். ஜானகி அம்மாள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வார். காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போய், உடைந்து கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு மைக்ரோஸ்கோப்பில் உட்காருவார். புடவை மடிப்புக்குள் ஒளித்து ஒரு அணில் பிள்ளையை இந்தியாவிலிருந்து கொண்டுபோயிருந்தார் என்றும், கபோக் என்று பெயரிட்ட அந்த அணில் அந்த நிலையத்தில் செல்லமாக வளர்ந்தது என்றும் அவர் குடும்பத்தார் சொல்வதுண்டு. கபோக் என்றால் இலவம் பஞ்சு.

1945-ல் டார்லிங்டனும் அவரும் சேர்ந்து, மனிதன் பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ் என்ற நூலை வெளியிட்டார்கள். ஊர்களின் அட்லஸ் போல இது செல்களின் அட்லஸ். நெல்லுக்கு எத்தனை, பருத்திக்கு எத்தனை, ரோஜாவுக்கு எத்தனை என்று உலகில் யார் எங்கே எண்ணியிருந்தாலும் அதைத் திரட்டி, புதிதாக எண்ணியதையும் சேர்த்துப் போட்டது. பயிர் வளர்ப்போர் எதை எதோடு சேர்க்கலாம் என்று தெரிந்துகொள்ள அதைப் புரட்டினார்கள். இன்னொரு செய்தியைச் சொன்னால்தான் இந்த வேலையின் அருமை புரியும். அந்த அட்லஸ் வந்த வருடத்தில், மனித செல்லில் 48 குரோமோசோம் என்றுதான் உலகம் முழுவதும் கல்லூரிகளில் சொல்லிக்கொடுத்தார்கள். 1923-லிருந்து அப்படித்தான். 46 என்று சரியாக எண்ணப்பட்டது 1956-ல், ஜோ ஹின் டியோ, ஆல்பர்ட் லெவான் இருவரால். முப்பது வருடம் புத்தகத்தில் 48 இருந்ததால், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர்களும் 48-ஐயே பார்த்தார்கள். நம் கிளப் ஹவுஸ் பிள்ளைகளின் பதினான்கையும் பதினேழையும் பார்த்து நான் ஏன் சிரிக்கவில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

போர் முடிந்ததும் விஸ்லியில் உள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்துக்கு மாறி 1951 வரை அங்கே இருந்தார். அங்கே அவர் கையாண்ட மருந்து கோல்சிசின். செல் பிரியும்போது முதலில் குரோமோசோம்கள் இரட்டிப்பாகும், பிறகு கதிர்கோல் இழைகள் என்ற நுண்ணிய கயிறுகள் அவற்றை இரண்டு பக்கமும் இழுக்கும், நடுவில் சுவர் எழும்பும். கோல்சிசின் அந்தக் கயிறுகளை உருவாக விடாது. இழுக்க ஆளில்லாததால் இரட்டிப்பான குரோமோசோம்கள் அத்தனையும் ஒரே செல்லில் தங்கிவிடும். அப்படிப்பட்ட செல்லிலிருந்து வளரும் செடிக்கு இலை தடிமன், பூ பெரிது, பூவின் ஆயுளும் சில நேரம் கூடுதல். இந்தக் கோல்சிசின் நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்று கிராமங்களில் பயப்படுவார்களே, அதே விஷம். சாப்பிட்டால் ஆளைக் கொல்வதும் செல் பிரிவதை அது நிறுத்துவதால்தான். விதைக்காக நம் மாவட்டங்களில் செங்காந்தளைப் பந்தல் போட்டுப் பயிரிடுகிறார்கள், மூட்டுவாத மருந்துக்கு ஏற்றுமதியாகிறது. பால்கனியில் வைத்திருப்பவர்கள் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவும்.

விஸ்லியில் மக்னோலியா கன்றுகளுக்குக் கோல்சிசின் கொடுத்து வளர்த்து ஒரு சரிவில் நட்டார்கள். வெள்ளைப் பூவும் ஊதா மகரந்தத் தாள்களும் கொண்ட ஒரு வகைக்கு ஜானகி அம்மாள் என்றே பெயர். அந்த மரங்கள் இன்னும் பூக்கின்றன.

பிரதமர் நேரு அழைத்ததால் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். கல்கத்தா, அலகாபாத், ஜம்மு, டிராம்பே என்று அடுத்த இருபது வருடம் ஓடியது. பதவிகளின் பட்டியல் நீளம், அதை விட்டுவிடுகிறேன். இந்தக் காலத்தில் அவர் பார்வை செல்லிலிருந்து காட்டுக்கு விரிந்ததுதான் முக்கியம். எந்தச் செடி எதற்கு ஆகும் என்று பழங்குடி மக்களுக்குத் தெரிந்திருந்ததை, குறிப்பாகப் பெண்களுக்குத் தெரிந்திருந்ததை, தாவரவியலாளர்கள் கற்க வேண்டும் என்று சொன்னார். 1955-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியை எப்படி மாற்றிவிட்டான் என்று பேச உலக அறிஞர்கள் கூடியபோது, அழைக்கப்பட்டவர்களில் ஒரே பெண் அவர். சுற்றுச்சூழல் என்ற சொல்லே நம் ஊர்ப் பேச்சில் இல்லாத காலம் அது.

1970-ல், எழுபத்து மூன்று வயதில், சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் கௌரவ விஞ்ஞானி. இருப்பிடமும் வேலையும் மதுரவாயல் வயல் ஆய்வுக்கூடம். மூலிகைத் தோட்டம் போட்டார், மூலிகைகளின் குரோமோசோம்களை எண்ணினார். உடைமை என்று பெரிதாக ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் காந்திய எளிமையோடு வாழ்ந்தார். பூனைகளை வளர்த்ததும் சும்மா இல்லை. குட்டிகளுக்குள் தெரியும் சின்னச் சின்ன வித்தியாசங்களைக் கவனித்துக்கொண்டே இருந்தாராம். 1977-ல் பத்மஸ்ரீ வந்தது.

அப்போதுதான் பாலக்காட்டு மலையில் சைலன்ட் வேலி விவகாரம் சூடுபிடித்தது. குந்திப்புழா ஆற்றை மறித்து மின்சார அணை கட்டினால் பழமையான மழைக்காடு ஒன்று தண்ணீருக்குள் போகும். கேரளத்தில் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் விஞ்ஞானிகளும் எதிர்த்து எழுந்தார்கள். எண்பது வயது ஜானகி அம்மாளும் சேர்ந்துகொண்டார். கோஷம் போடுவதோடு அவர் நிற்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் மரங்களுடைய குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் வேலையை ஆரம்பித்தார். மூழ்கப்போகும் காட்டில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது, தெரியாததை அழிக்கக் கூடாது, எனவே முதலில் எண்ணுவோம். அறுபது வருடம் பழகிய கருவியை அவர் இதற்கும் எடுத்தார். ஒரு செல்லின் உட்கருவைப் பார்த்து ஒரு காட்டுக்காக வாதாட முடியும் என்று காட்டிய வேறொருவரை எனக்குத் தெரியாது.

அவர் பெயரில் இப்போது மத்திய அரசின் வகைப்பாட்டியல் விருது ஒன்று இருக்கிறது. ஜான் இன்னஸ் நிலையம் வளரும் நாடுகளின் மாணவர்களுக்கு அவர் பெயரில் உதவித்தொகை தருகிறது. கொடைக்கானலில் ரோஜா வளர்க்கும் வீரராகவன் போன்ற பலரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அந்த ஊரிலிருந்தே ஈ.கே. ஜானகி அம்மாள் என்ற பெயரில் ஒரு மஞ்சள் ரோஜாவும் வந்திருக்கிறது. புடவையின் நிறத்தை யாரோ நினைவில் வைத்திருந்திருக்கிறார்கள்.

1984 பிப்ரவரி 7 அன்று, எண்பத்தாறாம் வயதில், மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் வேலையில் இருந்தபோதே ஜானகி அம்மாள் காலமானார். அணைத் திட்டம் அதற்கு முன்பே கைவிடப்பட்டிருந்தது. அதே வருடம் நவம்பர் 15 அன்று சைலன்ட் வேலியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.